மூக்கில்லாத காமிரா

"கொழந்தை ஆடுது, ஃபாதர் ஆடுறாரு, ஞானத்தாய் கையில இருக்கற மெழுகுவத்திகூட ஆடுது. ஆடாம அசையாம தூங்கிட்டிருக்கறது இந்தக் காமிரா ஒண்ணுதான்!"

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் மினியாங் அக்கா இந்த வசனத்தோடுதான் நான் வேலை பார்க்கும் கடைக்குள் நுழைவார். மணிலாவின் கியாப்போ பகுதியில், காமிராக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், படம் அச்சடித்துக் கொடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. அக்காவின் முழுப்பெயர் ஹெர்மினியா. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் பக்கம் யாருக்கும் ஆள் தெரியாது. வசனத்தைச் சொன்னால் உடனே தெரியும்.

எங்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு வரிசையாக ஞானஸ்நானம் நடக்கும். அதைப் படம் பிடித்து, அன்றைக்கே அச்சடித்து, பெற்றோருக்கு விற்பதுதான் அக்காவின் பிழைப்பு. கையில் இருந்தது சட்டைப்பையில் அடங்குகிற காமிரா. அக்கா பொத்தானை அமுக்குவார். அது கொஞ்சம் யோசிக்கும். அப்புறம் மின்னும். அதற்குள் ஃபாதர் தண்ணீரை ஊற்றி முடித்து, அடுத்த குழந்தையைக் கையில் வாங்கியிருப்பார்.

அவருக்குப் போட்டி டோமெங். கழுத்தில் பெரிய காமிரா, அதன் முன்னால் தொப்பைக்கு முட்டுக் கொடுத்ததுபோல ஒரு நீள லென்ஸ். அந்த லென்ஸைப் பார்த்தே பாதிப் பேர் அவனிடம் போவார்கள். எங்கள் ஊரில் வைத்தியரை மருந்துச்சீட்டின் நீளத்தை வைத்தும், படக்காரரை லென்ஸின் நீளத்தை வைத்தும்தான் எடைபோடுவார்கள்.

ஒரு ஞாயிறு ஃபாதர் லிபோரியோ இருவரையும் கூப்பிட்டார். அவர் சாதாரணமாகப் பேசினாலும் பிரசங்கம்தான், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஒரு ஜெபம் சொல்லிவிடலாம்.

"ஒரு கொழந்தை... மின்னலுக்கு அழுவுது. அதைப் பாத்து... ஒம்போது கொழந்தை அழுவுது. இனிமே ஞானஸ்நானத் தொட்டிகிட்ட... ஃப்ளாஷ் கூடாது. இன்னும் மூணு வாரம். அன்னைக்கு ரெண்டு பேரும் ஃப்ளாஷ் இல்லாம எடுங்க. யார் படம் தெளிவா வருதோ... அவங்க ஒருத்தருக்குத்தான் இனி உள்ள எடம்."

டோமெங் தன் லென்ஸைத் தடவிக்கொண்டான். அக்கா வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினை விற்றார். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததோடு பதினெட்டாயிரம் பெசோ ஆயிற்று. இனி சர்ச்சில் இடம் போனால் உட்கார்ந்து தைக்கவும் வழியில்லை.

"மெஷினை வித்துட்டியே அக்கா, தோத்துட்டா?" என்று கேட்டேன்.

"அது வீட்டுல இருந்தா, தோத்தாலும் பரவால்லன்னு தோணும்டீ. அதான்."

புதுக் காமிரா வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் சர்ச்சுக்குப் போனார். தொட்டியிலிருந்து பின்பக்கத் தூண் வரைக்கும் எட்டு வைத்து அளந்தார். நாலே நாலு எட்டு. அதற்குமேல் பின்னால் போனால் முதுகில் தூண். காமிராவைப் பற்றி அவர் படித்ததும் கேட்டதும் ஆயிரம் இருக்கும். கடைசியில் அந்த நாலு எட்டையும், ஜன்னல் இல்லாத அந்த மூலையின் இருட்டையும் மட்டும் கையோடு கொண்டுபோனார்.

அன்செல்மோவின் கடை எங்கள் கடைக்கு எதிரே. அவருக்கு மூக்கால் பேச்சு. 'மேடம்' என்பதை இழுத்தார் என்றால் ஒரு ஜீப்னி வண்டி தெருவைக் கடந்து போய்விடும்.

"மேஏஏடம், புது மாடல். ரெண்டு லென்ஸ் கூடவே வருது. பை இலவசம். பையைப் பாருங்க மேஏஏடம்!"

"பையா கொழந்தையைப் படம் எடுக்கும்? லைட்டை அணைங்க பாஸ்."

"லைட்டையா?"

"உங்க கடையில சர்ச்சைவிட வெளிச்சமா இருக்கு. அணைங்க."

"காலங்காத்தால லைட்டை அணைச்சா கடை மூடிட்டேன்னு நெனைப்பாங்க மேடம்!"

அணைக்க வைத்தார். கைப்பையிலிருந்து மூன்று கிலோ அரிசி மூட்டை ஒன்றை எடுத்தார். அதற்குக் குழந்தைத் தொப்பி மாட்டியிருந்தது. அதை அன்செல்மோவின் கையில் கொடுத்து ஃபாதர் ஆக்கினார். வாசலில் நின்ற செக்யூரிட்டியை இழுத்து வந்து ஞானத்தகப்பன் ஆக்கினார். நாலு எட்டுப் பின்னால் போய் எடுத்தார்.

"கொழந்தையை ஆட்டுங்க பாஸ். இது ஞானஸ்நானம், அரிசி நிறுக்கறதில்ல."

புது மாடலோடு வந்த லென்ஸில் அரிசிக்குழந்தை கலங்கிய கஞ்சியாக வந்தது. ஐம்பது என்று எண் போட்ட லென்ஸ் மலிவு, இருட்டிலும் கெட்டி. ஆனால் நாலு எட்டுத் தூரத்தில் படத்தில் செக்யூரிட்டி பாதிதான் விழுந்தார்.

"ஞானத்தகப்பன்தான் படத்துக்குக் காசு குடுக்கறவன். அவனைப் பாதியா வெட்டினா, பாதிக் காசுதான் வரும்," என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பிவிட்டார்.

அன்செல்மோவுக்கு முகம் செத்துவிட்டது. காரணம் உண்டு. எங்கள் தெருவில் போணி என்றால் விளையாட்டில்லை. காலையில் முதலில் வருகிறவர் வாங்க வேண்டும். அவர் கொடுத்த நோட்டால் கடையில் இருக்கிற சாமானையெல்லாம் தட்டித் தட்டி எடுத்தால்தான் அன்றைய வியாபாரம் ஓடும். வாங்காமல் போனால் அன்றைக்கு ஈ ஓட்டலாம். அக்கா கடை திறக்கிற நேரத்துக்கு வந்து, முதல் ஆளாக நுழைந்து, லைட்டை அணைத்து, வெறுங்கையோடு போயிருந்தார்.

மறுநாளும் வந்தார். அதே அரிசி. முப்பத்தைந்து என்று எண் போட்ட லென்ஸ். செக்யூரிட்டி முழுசாக விழுந்தார். தொப்பியில் தைத்திருந்த பூ வரைக்கும் தெரிந்தது. விலையைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்து, போன வருஷ மாடலில் யாரோ வைத்திருந்து விற்ற ஒரு காமிராவை எடுத்தார். வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். காதில் வைத்து இருபது தடவை அமுக்கிச் சத்தம் கேட்டார்.

"புதுசு எடுங்க மேடம். பழசு எதுக்கு?"

"காசை ஒடம்புல போட்டா கண்ணுக்கு மிஞ்சாது பாஸ். ஒடம்பு பழசா இருக்கட்டும், கண்ணு நல்லதா இருக்கணும். இதுவும் அந்த முப்பத்தஞ்சு லென்ஸும் சேத்துப் பதினெட்டாயிரம்."

"பத்தொம்பதாயிரத்து ஐந்நூறு. ஒரு காசு கொறைக்க மாட்டேன்."

அக்கா அரிசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அன்செல்மோவின் கடையில் ஒரு பேட்டரிகூட விற்கவில்லை. செக்யூரிட்டியே வந்து என்னிடம் சொன்னார்.

நாலாம் நாள் காலையில் தெருவே திறந்திருந்தது, அன்செல்மோவின் ஷட்டர் மட்டும் முழங்கால் உயரத்தில் நின்றது. உள்ளேயிருந்து மூக்குக் குரல் கேட்டது.

"அந்த அரிசிக்கார அம்மா போயிட்டாங்களா பாரு."

"போகல பாஸ்!" அக்காவே பதில் சொன்னார்.

"வேற யாராவது வந்து வாங்கட்டும், அப்பறம் வாங்க மேஏஏடம். கும்பிடறேன்!"

அக்கா ஷட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மெமரி கார்டு வாங்க வந்த ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனான். அக்கா குனிந்து, அந்த இடுக்கு வழியாகவே பேசினார்.

"பாஸ், மூணு நாளா உங்க போணியை நான்தான் கெடுத்தேன், ஒத்துக்கறேன். கெடுத்தவளே வந்து வாங்கினாத்தான் அது தீரும். பதினெட்டாயிரம் கையில இருக்கு. வேணாம்னா சொல்லிடுங்க. நாளைக்கும் வர்றேன்."

இடுக்கில் அன்செல்மோவின் முகம் தெரிந்தது.

"நாளைக்குமா?"

"நாளை மறுநாளும்."

ஷட்டர் சடசடவென்று மேலே போனது. அன்செல்மோ பணத்தை வாங்கி, கடையில் இருந்த ஒவ்வொரு காமிரா மேலும், ஸ்டாண்டு மேலும், பை மேலும் தட்டினார். கடைசியில் செக்யூரிட்டியின் தலையிலும் ஒரு தட்டு. "இலவசப் பையும் குடுங்க," என்றார் அக்கா. கொடுத்தார். அக்கா போனால் போதும் என்று அவருக்கு இருந்தது.

மீதி நாட்களில் அக்கா அரிசியை என் தலையில் கட்டினார். இருட்டு மூலையில் நின்று நான் ஆட்ட வேண்டும், அவர் எடுக்க வேண்டும். லென்ஸை முழுக்கத் திறந்தால் வெளிச்சம் வரும், ஆனால் கூர்மை ஒரே தூரத்துக் கோட்டில்தான் நிற்கும், முன்னும் பின்னும் மங்கிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் என் காது பளிச்சென்று வந்தது, அரிசி மங்கிவிட்டது.

பரீட்சை ஞாயிறு வந்தது. முதல் குழந்தையின் ஞானத்தாய் அக்காவின் கட்டைக்குட்டை லென்ஸைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, ஒங்க காமிராவுக்கு மூக்கே இல்லையே!" கூட்டம் டோமெங் பக்கம் சாய்ந்தது. அவன் நாலு எட்டு பின்னால் போனான், முதுகில் தூண் முட்டியது. அவன் லென்ஸில் ஃபாதரின் மூக்கும் கண்ணாடியும்தான் அடங்கின, அதுவும் ஆடியது.

அக்காவின் முதல் படமும் சொதப்பல்தான். ஞானத்தகப்பனின் தங்கப்பல் மின்னியது, குழந்தை புகை. அக்கா திரையைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார். பிறகு நேராக அடுத்த குடும்பத்துக்குள் புகுந்துவிட்டார்.

"எல்லாரும் தோளோட தோள் ஒட்டுங்க. சார், நீங்க பின்னாடி ஒளியாதீங்க, கொழந்தை பக்கத்துல மூஞ்சியைக் கொண்டாங்க. ஒரே கோடு! ஃபாதர், நீங்களும்தான்!"

ஃபாதரும் ஒட்டினார். அடுத்த பதினொரு குழந்தைகளும் படத்தில் பளிச்சென்று விழுந்தன. நெற்றியில் விழுகிற தண்ணீர் தனித்தனிச் சொட்டாகத் தெரிந்தது. எந்தக் குழந்தையும் மின்னலுக்கு அழவில்லை, தண்ணீருக்குத்தான் அழுதது.

ஃபாதர் இரண்டு காமிராவின் திரையையும் பார்த்தார். டோமெங்கின் திரையைச் சீக்கிரம் பார்த்து முடித்தார். "அடுத்த வாரத்துலேர்ந்து... ஹெர்மினியா," என்றார்.

சர்ச் வாசலில், குடும்பங்கள் எல்லாம் கேட்க, டோமெங் விடவில்லை. "என்ன பெரிய லென்ஸு? ஒண்ணும் கிட்ட இழுக்காது, ஒண்ணும் தள்ளாது. தூரத்துல ஏதாவது நடந்தா என்ன பண்ணுவ மினியாங்?"

அக்கா காமிராவை இலவசப் பையில் வைத்து மூடினார்.

"தூரத்துல நடக்கறதுக்கு எவனும் எனக்குக் காசு குடுக்கல, டோமெங். கொழந்தை நாலு எட்டுல இருக்கு, நானும் நாலு எட்டுல இருக்கேன், எனக்கு இழுக்கறதுக்கும் தள்ளறதுக்கும் ரெண்டு காலு இருக்கு. ஒனக்கு வேலை இல்லன்னு யாரு சொன்னா? படிக்கட்டுல வெயில் கொட்டிக் கெடக்கு, பன்னெண்டு குடும்பமும் அங்கதான் நிக்குது. போய் ஒம் மூக்கை அங்க நீட்டு, உள்ள நீட்டாத!"