ஐந்து பேர் ஏறினாலும் உரசாத டயர்

தம்பி, அப்பாவின் காரில் நீ தப்பான டயரை மாட்டியிருக்கிறாய்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலரை இப்படியா ஆரம்பிப்பது என்று அம்மா கேட்டார். வேறு எப்படிச் சொன்னாலும் நீ காதில் வாங்குவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று போட்டாய். போனில் கேட்டேன், "அக்கா, வண்டி சூப்பரா ஓடுது, நீ சும்மா டென்ஷன் ஆகாத" என்றாய். அடுத்த வாரம் உன் மகளுக்குக் கல்யாணம். அந்தக் காரில்தான் அவள் சர்ச்சுக்குப் போகப் போகிறாள். இந்த மலர் நம் சொந்தக்காரர் அத்தனை பேர் கைக்கும் போகும் என்பதால் இதிலேயே எழுதுகிறேன்.

அப்பாவைப் பார்த்திராத சம்பந்தி வீட்டாரும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பிறந்தவர். பதினோரு வயதில் தகப்பனாரை இழந்தார். ஸ்டேஷனில் மூட்டை இறக்கிக்கொண்டே பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை தாம்பரத்திலேயே இருந்தார். எடை போடாத பார்சலை வண்டியில் ஏற்ற விடமாட்டார். "இருபது கிலோதான் சார், நம்புங்க" என்று யாராவது சொன்னால், "நம்பறேன். தராசுல வைங்க" என்பார். வீட்டிலும் அதே கதைதான். கடைக்காரர் கொடுத்த அரிசியை மறுபடி நிறுப்பார். நாங்கள் ஊருக்குக் கிளம்பினால் பெட்டியை நிறுப்பார். அப்பா யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை. ஆனால் அவரோடு குடித்தனம் நடத்துவது சுலபமில்லை. இதையும் எழுதச் சொன்னது அம்மாதான்.

அந்தக் கார் பல்லாவரத்தில் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் கிடந்தது. டாக்டர் காலமான பிறகு அந்த வீட்டம்மா, "எடுத்துட்டுப் போயிடுங்க சார், அடியில பாம்பு குடியிருக்கு" என்று சொல்லிவிட்டார். லாரியில் கயிறு கட்டி ஜி.எஸ்.டி. ரோடு வழியாக இழுத்து வந்தோம். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். நானும் தம்பியும் பின் சீட்டில் ஸ்பிரிங் குத்தக் குத்த உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் அப்பா அதன் அடியில்தான் படுத்திருப்பார். ஏழு வருடத்தில் அது ஓடியது. என்னை மணப்பெண்ணாக ஏற்றிப்போனது அந்தக் கார். என் இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் தம்பி மகள், "தாத்தா, என் கல்யாணத்துக்கும் நம்ம கார்தான்" என்றாள். அன்று மாலையே அப்பா குனிந்து டயர்களைப் பார்த்தார். பக்கவாட்டு ரப்பர் முழுக்க வெடிப்பு. புது டயர் வாங்க அளவு தெரிய வேண்டும். அளவு டயரிலேயே அச்சாகி இருக்கும். ஆனால் வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது அப்பா டயருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார். முப்பது கிறிஸ்மஸ் பெயிண்ட் அந்த எண்ணை மூடிவிட்டது. காசால் சுரண்டினார். ஐந்து, ஒரு புள்ளி, கடைசியில் ஒரு பூஜ்யம். நடுவில் இருந்த எண் பெயிண்டோடு பெயர்ந்து வந்துவிட்டது.

"நானே அழிச்சிருக்கேன் பாரு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது.

நாலு கடையில் கேட்டார், நாலு பதில் வந்தது. மாடல் சொல்லுங்கள், கம்ப்யூட்டரில் பார்க்கிறேன் என்றார்கள். கம்ப்யூட்டரில் அந்தக் காரே இல்லை. தாம்பரம் கடைக்காரர் சிரித்தார்.

"இன்னா பெர்சு, பதினாலு இஞ்சு ரிம்மு. எத்த போட்டாலும் ஏறும்."

"ஏறும்பா. அஞ்சு பேர் உக்காந்து ஃபுல்லா ரைட்ல ஒடிச்சா மட்கார்டுல உரசாதா?"

"அத்த நீ ஓட்டிப் பாத்துதான் சொல்லணும். எனிக்கு இன்னா தெரியும்?"

அப்பா சாப்பிடும்போதும் தட்டில் விரலால் எண் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பார். "ரசத்துல கணக்குப் போடாதீங்க" என்று அம்மா அதட்டுவார். மணப்பெண் உட்காரும் வண்டி, வழியில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று என்னிடம் ஒரே நாளில் மூன்று முறை கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்போதுதான் தம்பி தன் நண்பன் கடையிலிருந்து நாலு டயர் கொண்டுவந்தான். 185 என்று போட்டிருந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். உயரம் பழைய டயர் அளவுதான், அதில் தப்பில்லை. ஆனால் நம் கார் ரிம்மின் அகலம் நாலே அங்குலம். அதில் அந்தத் தடிமனான டயர் பிதுங்கிக்கொண்டு நிற்கும். தம்பி அதையே மாட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான்.

"பாத்தீங்களாப்பா, எவ்ளோ ஸ்மூத்தா சுத்துது!"

"காத்துல சுத்துது. ஆள் ஏறட்டும்" என்றார் அப்பா.

தண்ணீர் கேன் போடுகிறவரைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு கேன் இறக்கச் சொன்னார். சீட்டிலும் கால் வைக்கும் இடத்திலும் அடுக்கினார். பன்னிரண்டு கேன் நாலு பேர் எடை, ஐந்தாவது ஆள் ஓட்டுகிற அப்பா. தெரு முனையில் வலது பக்கம் ஒடித்ததும் கரகரவென்று சத்தம் கேட்டது. வீடு வந்து பார்த்தால் முன் டயரின் உள்பக்கம் விரல் நீளத்துக்கு அறுபட்டிருந்தது. தம்பி, நீயும் குனிந்து பார்த்தாய். இல்லை என்று சொல்லாதே.

அப்பா நூலும் அங்குல டேப்பும் வைத்து, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். 155 அகலம்தான் சரி, உள்ளே டியூபும் வேண்டும் என்று முடிவு செய்தார். சிரித்த அதே கடைக்காரர் ஊரெல்லாம் போன் போட்டு, ஊரப்பாக்கத்தில் ஒரு கடையில் புதிதாக நாலு இருப்பதைக் கண்டுபிடித்துத் தந்தார். மாட்டியாயிற்று. இனி எடை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த முறை கேன் வேண்டாம், ஆளே வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். எல்லோருக்கும் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஒரு நாலு பேர் வந்து அரை மணி நேரம் உக்காந்தா போதும்." தம்பி ஆபீஸ் கால் இருக்கிறது என்றான். சித்தப்பா மகன்கள் பார்க்கலாம் என்றார்கள். நான் வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றேன். யாரும் வரவில்லை. ஒரு டயருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நான் என் கணவரிடம் சொன்னது அப்பா காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன். அப்போது போனை வைத்துவிட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கேன் போடுகிறவருக்கு விடுமுறை. முந்தின நாள் அவர் வாசலில் இறக்கிப் போயிருந்த பன்னிரண்டு கேனையும் எழுபத்தொன்பது வயதில் அப்பா தனியாகத் தூக்கி ஏற்றினார். அம்மா தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. வலது பக்கம், இடது பக்கம், ரயில்வே கேட் வரை, திரும்ப வீடு. ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "உரசலைம்மா. இனிமே யார் மாத்தினாலும் விடாத" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை அதற்கு முன் பல மாதம் நான் கேட்கவில்லை.

பத்து நாளில் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இருதயம் நின்றுபோனது. கேன் தூக்கியதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. கார் நிறுத்தக் கூரை இருக்கிறது என்று தம்பி கோவிலம்பாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனான். போன மாதம் குழுவில் படம் போட்டான். பாலிஷ் போட்டு, பூ வைத்து, நாலு பக்கமும் தடியான டயர். பெரிதாக்கிப் பார்த்தேன், எண் தெளிவில்லை. போன் செய்தேன். "அப்பா போட்டது சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியா இருக்குக்கா. போட்டோல நல்லாவே இல்ல" என்றான். எப்படிச் சோதித்தாய் என்றேன். ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தானாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற எதிர்வீட்டுக்காரர்களுக்கு நன்றி. டயர் தேடித் தந்த தாம்பரம் கடைக்காரருக்கு நன்றி. செய்தி கேட்டதும், அதுவரை அப்பாவின் காரிலேயே இருந்த அந்தப் பன்னிரண்டு கேனையும் இறக்கி வைத்துவிட்டு, வாசலில் நின்று அழுத தண்ணீர்க்காரருக்கு நன்றி. அடக்க ஆராதனை நடத்திய ஆயருக்கும் பாடகர் குழுவுக்கும் நன்றி. பிள்ளைகளான எங்களுக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

தம்பி, நினைவு ஆராதனைக்கு அந்தக் காரிலேயே வா. ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, டயரில் இருக்கும் எண்ணைப் படி. சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லாதே, எண்ணைச் சொல். பிறகு சர்ச் வளாகத்தில் ஐந்து பேரை ஏற்றி, முழுக்க வலது பக்கம் ஒடித்துக் காட்டு. முதல் ஆளாக நான் உட்காருகிறேன். அன்றைக்கு எனக்கு விருந்தாளி யாரும் இல்லை. உனக்கு ஆபீஸ் கால் இருக்கிறதா என்பதையும் அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.