மேஜைக்கடியில் ஆறு கட்டுகள்

கடலோர ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நூலகத்தில் ஜலீலா இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாள். மருத்துவப் பத்திரிகைகள் அங்கே கட்டுக்கட்டாகத் தபாலில் வரும். பிரித்து, வந்த தேதியை முத்திரை குத்தி, அலமாரியில் அடுக்க வேண்டும். கூடவே யார் கண்ணிலும் படாத இன்னொரு வேலையும் உண்டு. ஒரு இதழில் நேர்ந்த பிழைக்கு அடுத்த இதழ்களில் திருத்தம் வரும், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி. அதைத் தேடிப் படித்து, பழைய இதழில் பிழையான இடத்திலேயே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். ஜலீலா அதில் கெட்டி. "லெல்லா ஜலீலா கண்ணுக்குத் தப்பின பிழை இனிமேதான் பொறக்கணும்" என்று டாக்டர்கள் கிண்டலாகவும் மரியாதையாகவும் சொல்வார்கள். லெல்லா என்றால் அந்த ஊரில் அம்மா மாதிரி. அவளும் உள்ளுக்குள் பூரித்துப்போவாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷத் தொடக்கத்தில் அவளுடைய உதவியாளர் ஓய்வு பெற்றார். வேறு ஆள் கேட்டு நிர்வாகி நூரிக்கு மூன்று தடவை எழுதினாள்.

"புஸ்தகம் என்ன எழுந்து ஓடியா போகுது? மேய்க்க நீங்க ஒருத்தர் போதாதா?" என்று அவர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. அன்றைக்கு வந்த கட்டைப் பிரிக்காமல் மேஜைக்கடியில் தள்ளினாள். ஆள் போடட்டும், அப்புறம் பார்க்கலாம். யாராவது கேட்டால் வெடுக்கென்று சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. கட்டுகள் ஆறாயின.

ஏப்ரலில் ஒரு காலை, குழந்தைகள் வார்டு டாக்டர் நஜெத் மூச்சிரைக்க வந்தாள்.

"லெல்லா, கெர்க்கெனா தீவுலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கா, பேரு ரஹ்மா. அஞ்சு வயசு. ரத்தத்துல கிருமி. எந்த மருந்துக்கும் அடங்கல. ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. சின்னப் புள்ளைக்கு அதை எவ்வளவு குடுக்கறதுன்னு எங்கயாவது இருக்கா?"

பத்தே நிமிஷத்தில் ஜலீலா கண்டுபிடித்தாள். ஜனவரி இதழ், தெளிவான அட்டவணை. பிரதி எடுத்துக் கொடுத்தாள். நஜெத் அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஓடினாள்.

ரஹ்மா பிழைத்தாள். அவளுடைய அம்மா மப்ரூக்கா, தன் கணவர் பிடித்துக் காயவைத்த கணவாய் மீனை வார்டுக்கெல்லாம் கொடுத்தாள். அதில் ஒன்று நூலகத்துக்கும் வந்தது. ஜலீலா அன்றிரவு அதைச் சமைத்துச் சாப்பிட்டாள்.

ஜூனில் அவளுடைய கோபம் தானாகவே வடிந்தது. எதற்கு இந்த வீம்பு என்று கட்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். மூன்றாவது கட்டில் இருந்தது அது: ஜனவரி அட்டவணையின் கடைசி வரிசையில் குழந்தைகளுக்கு உள்ள அளவைப் பாதியாகக் கொள்ளவும்; கூடினால் காது பாதிக்கும்.

வார்டுக்குப் போன் செய்தாள்.

"அந்தக் கெர்க்கெனாப் பொண்ணு எப்படி இருக்கா, டாக்டர்?"

"நல்லாத்தான் இருக்கா, லெல்லா. காதுதான்... பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பறதில்லையாம். பரிசோதனைக்கு எழுதியிருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

ஜலீலா போனை வைத்தாள். கட்டின் மேல் உள்ளூர்த் தபாலாபீஸ் முத்திரையைப் பார்த்தாள். மார்ச் பதினொன்று.

நூரியிடம்தான் முதலில் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இன்னைத் தேதியைக் குத்துங்க. இன்னைக்குத்தான் வந்துச்சுன்னு ஆயிடும். தபால் தாமதம்னா யாரு என்ன கேக்கப் போறா?"

அவள் திரும்பி வந்து, தேதி முத்திரையின் சக்கரத்தை மார்ச் பதினொன்றுக்குத் திருப்பிக் குத்தினாள். இதழை எடுத்துக்கொண்டு நஜெத்திடம் போனாள்.

நஜெத் இரண்டு தடவை படித்தாள். "மருந்துச் சீட்டுல கையெழுத்து என்னோடது. நான் இன்னொரு எடத்துலயும் பார்த்திருக்கணும்" என்றாள். பிறகு இதழை மூடிவைத்தாள். "காய்ச்சலாலயும் காது போகும், லெல்லா. எதனாலன்னு அறுதியா யாராலயும் சொல்ல முடியாது."

"அம்மாகிட்ட சொல்லணும்."

"சொல்லுவோம்."

மறுவாரம் மப்ரூக்கா வந்தபோது இருவரும் சொன்னார்கள். ரஹ்மா ஜன்னலோரம் நின்று பூனை ஒன்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மப்ரூக்கா முழுக்கக் கேட்டாள். "இதைச் சொன்னா எம் புள்ளைக்குக் காது கேட்டுருமா?"

"கேக்காதும்மா" என்றாள் ஜலீலா.

"பின்னே ஏன் சொன்னீங்க? இத்தனை நாளும் அல்லாஹ் எழுதினதுன்னு மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். இனிமே உங்க மூஞ்சிதான ஞாபகம் வரும்?"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டாள். அதன்பின் அவர்கள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

விசாரணை நடந்தது. இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நஜெத் மாற்றல் வாங்கிக்கொண்டு தூரத்துக் கஃப்ஸா நகரத்துக்குப் போனாள். ஜலீலா கேட்ட உதவியாளரை மட்டும் அதே மாதம் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் பன்னிரண்டு வருஷம், வந்த கட்டு வந்த அன்றே பிரிந்தது. யார் எந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தார்கள் என்று குறித்து வைத்து, திருத்தம் வந்தால் அவர்கள் வீட்டுக்கே போன் செய்தாள். ரஹ்மாவுக்கு இப்போது என்ன வயசிருக்கும் என்று மட்டும் மனசு ஓயாமல் கணக்குப் போட்டது. தீவுக்குப் போகும் படகில் ஒரு தடவை டிக்கெட் வாங்கினாள். ஏறவில்லை.

ஓய்வு பெற்ற நாளில் புது நிர்வாகி எழுந்து, இப்படி ஒரு பொறுப்பை எங்கேயும் கண்டதில்லை, இது எங்கிருந்துதான் வந்ததோ என்று புகழ்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ரஹ்மாவைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று ஜலீலா எழுந்தாள். எதிரே எல்லாம் சின்ன வயசு டாக்டர்கள், கையில் பாதாம் இனிப்பு.

"நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டதும் பிறகு உறுத்தியது.