மேல்மாடியிலிருந்து தொடங்குபவர்

தேர்தல் பிரசாரத்தில் அன்சாரி ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனவர். மின்தூக்கியில் மேல்மாடிக்கு ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு படியிறங்குவார். வேட்பாளர் தோற்ற மறுநாளும் அதே வீடுகளுக்கு நன்றி சொல்லப் போனார்.

2025 ஜூலையில் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஒரு காற்பந்துக் குழுவின் நிர்வாகியானார். திடலுக்குப் பக்கத்தில், அவர் முன்பு ஏறியிறங்கிய அடுக்குமாடி புளோக்கிலிருந்தே பயிற்சிச் சத்தம் பற்றி நகர மன்றத்துக்குப் புகார்கள் போயின. குழு திடலை இழக்கும் நிலை. அன்சாரி மறுபடியும் மேல்மாடிக்குப் போனார்.

முதல் புகாரைக் கொடுத்த நாகம்மா கதவைத் திறந்தார்.

"மறுபடியும் எலெக்‌ஷனா தம்பி?"

"இல்ல ஆன்ட்டி, இப்ப ஃபுட்பால். எத்தனை மணிக்கு விசிலை நிறுத்தினா உங்களுக்குச் சரி?"

"பேத்தி எட்டரைக்குத் தூங்குவா. எட்டுக்கு நிறுத்துவியா?"

"நிறுத்துறேன்."

"தோத்தப்புறமும் வந்தவன் நீ ஒருத்தன்தான் லா. நம்புறேன்."

நாகம்மா புகாரைத் திரும்பப் பெற்றார், மற்றவர்களும் பெற்றார்கள். திடல் குழுவிடமே இருக்கிறது. எட்டு மணிக்குப் பயிற்சியாளரிடமிருந்து விசிலை அன்சாரியே வாங்கி வைத்துக்கொள்கிறார்.