டாக்டர் கோட்டுப் பட்டன்

காரைக்குடியில் ஜாக்கெட் தைக்கும் ஆசியா பீவியும், குவைத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் இனாமுல் ஹசனும் ஐந்து வருஷமாக ஒரே துப்பறியும் தொடரைப் பார்த்துவந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும், போனில் பேசிக்கொண்டே இருவரும் ஒரு பாகத்தை ஓடவிடுவார்கள். கடைசி சீசன் பத்துப் பாகமும் ஒரே நாளில் வந்தபோதும் வழக்கத்தை மாற்றவில்லை.

கொலைகாரன் என்று ஆசியா முதலில் டிரைவரைச் சந்தேகப்பட்டாள், பிறகு செத்தவனின் தம்பிக்காரனை. அவர் விடாமல் மறுத்துப் பேசினார். எட்டாம் வாரம், டாக்டர் கோட்டில் ஒரு பட்டன் மட்டும் வேறு நூலில் தைத்திருந்தது. தையற்காரி கண்ணுக்கு அது தப்புமா? "இழுபறியில அறுந்த பட்டன, திரும்பத் தச்சிருக்கான். இவன்தான்" என்றாள்.

பத்தாம் வாரம் டாக்டர் பிடிபட்டான். அவள் பெருமை அடங்குவதற்குள் போனில் அவருடைய அறைத்தோழர் குரல் கேட்டது: "டாக்டருதான்னு மொத வாரமே சொல்லிட்டேனே பாய், இன்னுமா பாக்குறீக?"

ஆசியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாந் தெரிஞ்சேவா எங்கூட மல்லுக்கட்டுனீக?"

"கதைதான் தெரியும். நீ என்ன சொல்லுவேன்னு தெரியாதுல்ல."

அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாயில் வந்தது வேறு.

"அடுத்த தொடருக்கும் யாரு கொலகாரன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க."