ஓட்டை டின்

மகள் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்ததிலிருந்தே அவளுடைய டீச்சரை எனக்குப் பிடிக்காது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. விடியுமுன் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தெப்ராவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், இருட்டியபின் திரும்புகிறவன் எந்த டீச்சரைப் பார்ப்பது? ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் தினமும் அவர் பேச்சுதான். டீச்சர் அப்படிச் சொன்னாங்க, டீச்சர் இப்படிச் சொன்னாங்க.

ஒரு நாள் வாளித் தண்ணீரில் பொருள்களைப் போட்டுக் காட்டினாராம். பென்சில் மிதந்ததாம், ஆணி மூழ்கியதாம்.

"இரும்பு முழுகிடும்பா" என்றாள் மகள்.

எனக்குச் சுருக்கென்றது. ஷிப்யார்டில் பன்னிரண்டு வருடமாக வெல்டர் நான். நான் ஒட்டுகிற கப்பல் முழுக்க இரும்புதான், மிதக்கிறதே என்றேன். டீச்சருக்குத் தெரியாதா என்று கேட்டாள். மனைவி சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வரும்வரை பொறுத்திருந்தேன். அன்று பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் கிடந்த பால்மாவு டின்னைக் கழுவி எடுத்தேன். சாயாமல் நிற்க நாலு கல்லைப் போட்டு, தகரமும் இரும்புதான், பள்ளமாக வளைத்தால் மிதக்கும் என்று விளக்கி, தண்ணீரில் வைத்தேன். நன்றாகத்தான் நின்றது. 'இப்போது சொல், யாருக்கு அதிகம் தெரியும்?' என்கிற தோரணையில் மனைவி பக்கம் திரும்பினேன்.

"அப்பா, முழுகுது."

கறிவேப்பிலைக் கன்று நட, போன மாதம் நானே ஆணியால் டின்னின் அடியில் ஓட்டை போட்டிருந்தேன். ஓட்டை அடைப்பதுதான் எனக்குத் தொழில். டீச்சரை ஜெயிக்கும் அவசரத்தில் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மகள் உள்ளே ஓடி, பள்ளிப்பையிலிருந்து விளையாட்டுக் களிமண்ணைக் கொண்டுவந்தாள். ஓட்டைகளில் அப்பி அழுத்தி, கல்லோடு மறுபடி வைத்தாள். டின் மிதந்தது.

"நீங்க சொன்னது சரிதான்பா. எங்கப்பா இரும்புக் கப்பல் செய்வாருன்னு டீச்சர்கிட்ட மறுநாளே சொல்லிட்டேன். கிளாசுக்கு வந்து சொல்லித் தருவாரான்னு கேட்டாங்க."

அந்த டீச்சர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. எந்த நாள் வரச் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு நேரம் இருக்காதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள், டின்னை விரலால் தள்ளிக்கொண்டே.