வேலிவரை வாசித்த கதை

இரண்டு வருஷத்துக்கு முன்னம், மாரி மழை தொடங்குகிற காலம். திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கள் சின்ன நூலகத்தில் நடந்தது இது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் அது ஊருக்குத் தெரியாது. தெரிய நான் விட்டதுமில்லை. கோயிலால் வரும் வழியில் நூலகத்துக்குள் போய், காற்றாடிக்குக் கீழே இருக்கிற கதிரையில் இருந்து பேப்பரை விரிப்பேன். மரண அறிவித்தல் பக்கம்தான். அதில் படம் இருக்கும், பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். ஆர் போனது என்று பார்த்துப்போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருப்பேன். பார்க்கிறவர்களுக்குப் பெரிய வாசிப்புக்காரி மாதிரித்தான் இருந்திருக்கும்.

அந்த நேரம் நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. பொறுப்பாக இருக்கிற பிள்ளை என்னிடம் வந்தாள்.

“அம்மா, இந்தப் புத்தகங்களுக்கு ஒரு கூட்டம் வைக்கிறம். சின்னப் பிள்ளையள், இளம் ஆக்கள், வயது போன ஆக்கள் எண்டு ஒவ்வொரு வயதுக்கும் ஒராள் எழும்பி ஒரு புதுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேணும். வயது போன ஆக்களுக்கு நீங்கள்தான். ஒவ்வொரு நாளும் வந்து வாசிக்கிற ஆள் வேற ஆர்?”

ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஓம் பிள்ளை” என்று வந்துவிட்டது.

மேசையில் அடுக்கியிருந்ததில் ஆக மெல்லிசானதைப் பார்த்து எடுத்தேன். “நல்ல புத்தகம் அம்மா, நான் ஒரே இருப்பில வாசிச்சு முடிச்சனான்” என்றாள் பிள்ளை.

வீட்டில் அடுப்படிக் கதவைச் சாத்திப்போட்டு, விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தொடங்கினேன். முதல் பக்கம் முடிய ஒரு பின்னேரம் போனது. கந்தோர் வேலை முடிந்து வந்த மகள் கண்டுவிட்டாள்.

“தாங்கோ அம்மா, நான் வாசிச்சுக் கதையைச் சொல்லிவிடுறன். நீங்கள் அதைப் போய்ச் சொல்லுங்கோ.”

“ஏன், எனக்குக் கண் இல்லையோ?” என்று கேட்டேன். கோபம் அவளில் இல்லை. எனக்குப் பயம்.

கதை இரண்டு சகோதரிகளைப் பற்றியது. பக்கத்துப் பக்கத்து வளவு. நடுவில் வேலி. அதில் போக வர ஒரு பொட்டு, ஓர் ஆள் நுழைகிற இடைவெளி, விட்டிருந்தார்கள். காணியில் ஒரு துண்டை அக்கா எடுத்துவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு தங்கை அந்தப் பொட்டை ஓலை வைத்து அடைத்துவிடுகிறாள். பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் வருகிறது. பார்க்க ஆளில்லை. தங்கை கஞ்சி காய்ச்சிக்கொண்டு வேலியடிக்கு வருகிறாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் நான் வந்து நின்றது அந்த வேலியடியில்தான். இன்னும் அரைவாசிப் புத்தகம் கிடந்தது. “கடைசிப் பக்கத்தையாவது பாருங்கோவன்” என்றாள் மகள். திறந்தேன். முதல் சொல்லைக் கூட்டப் போனேன். ஏனோ மனம் வரவில்லை, மூடிவிட்டேன். மழை அடித்துப் பெய்து கூட்டம் நின்றுபோக வேணும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் வானத்தில் ஒரு முகில் இல்லை.

நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். பாலர் வகுப்பு ரீச்சர் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு சிறுவர் கதையைச் சொன்னா. கம்பஸில் படிக்கிற பொடியன் ஒருவன் மடை திறந்த மாதிரிப் பேசினான். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்த கை நடுங்கினது தெரியக்கூடாது என்று மற்றக் கையாலும் பிடித்தேன்.

புத்தகத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எனக்கென்ன தெரியும்? பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னேன். அடைத்த பொட்டு, அக்காவின் காய்ச்சல், கையில் சுடச்சுடக் கஞ்சி. வேலி வந்ததும் நிறுத்தினேன். முன்வரிசையில் இருந்த இளைப்பாறின மாஸ்டர் கேட்டார்: “பிறகு என்ன நடந்தது? போனாளோ?”

போனாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் பிள்ளை நிற்கிறாள், அவள் வாசித்தவள். பிழை என்றால் இத்தனை பேருக்கு முன்னால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“எனக்குத் தெரியாது மாஸ்டர்” என்றேன். “நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறனான். வேலியடி வரைக்கும்தான் வந்திருக்கிறன்.”

பின்னுக்கு யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போது கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு தங்கச்சி சத்தமாகச் சொன்னாள்: “அல்லாவே, அந்தக் கஞ்சி ஆறப்போகுதே!”

அவ்வளவுதான். சபை எழும்பிவிட்டது.

“கட்டாயம் போவாள். கூடப் பிறந்தவளெல்லோ!”

“ஏன் போகவேணும்? காணியை எடுத்தது அக்கா!”

“உங்களுக்கு உங்கட அக்காவின்ர ஞாபகம் வந்திட்டுது போல!”

“பொட்டை அடைச்ச கைக்கு ஓலையைப் பிடுங்கத் தெரியாதோ?”

பிள்ளை சமாளிக்கப் பார்த்து, “உண்மையில கதையில வாற தங்கச்சி…” என்று தொடங்கினாள். “சொல்லாதேங்கோ!” என்று சபை முழுக்கக் கத்தினது. மாஸ்டர் கூடக் கையை உயர்த்தி மறித்தார்.

தன் மகளைக் கூட்டிப் போக வந்து கதவடியில் நின்றார் ஒருவர். துறைமுகத்தில் வேலை. நூலகத்தில் நான் அவரைக் கண்டதே இல்லை. சத்தம் அடங்கினபோது மெதுவாகச் சொன்னார்:

“அவள் போகமாட்டாள். நான் போகேல்லையே. அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க வாசல் வரைக்கும் போய்த் திரும்பினனான். இண்டைக்கும் கதை பேச்சில்லை.”

பிறகு அவர் என்னைப் பார்த்து, “அம்மா, வாசிச்சு முடிய எனக்குத் தாங்கோ” என்றார். அவருக்குப் பின்னால் மாஸ்டர், கிண்ணியாத் தங்கச்சி, பொம்மை ரீச்சர் என்று எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். இருந்தது ஒரே ஒரு புத்தகம், அதுவும் என் பையில்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய அந்தரம். பிள்ளை தவணையை நீட்டி நீட்டித் தந்தாள். சந்தையில் கண்டவர்கள் எல்லாம் “முடிஞ்சுதோ?” என்றார்கள். துறைமுகத்துக்காரர் வேலை முடிந்து போகும்போது என் வாசலில் சைக்கிளை நிறுத்துவார்.

“அம்மா, வேலி தாண்டியாச்சோ?”

“தாண்டினா உங்களுக்குச் சொல்லுவனோ? போய்ச் சாப்பிடுங்கோ தம்பி.”

வாயால் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் பதறும். அந்த மனிசன் ஏதோ ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறார், நான் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுதைப் போக்குகிறேன். முடிக்க முதல் என் படமே பேப்பரில் வந்துவிடுமோ என்றும் பயந்தேன். மகளிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கலாம். ஆனால் வேலியடியில் நின்று இத்தனை பேருக்கு முன் சொன்னவள் நான், மிச்சத்தையும் நானே நடக்கவேணும் என்று தோன்றினது.

மழை விட்டு வெயில் வந்தபிறகு ஒருநாள் கடைசி வரியைக் கூட்டி முடித்தேன். பின்னேரம் சைக்கிள் வந்தது. புத்தகத்தை நீட்டினேன். அவர் வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பிள்ளை சொன்னாள். கதையின் முடிவைப் பற்றி அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. அண்ணனைப் பற்றி நானும் கேட்கவில்லை.

இப்போதும் புதுப் புத்தகம் வந்தால் பிள்ளை எனக்குத்தான் முதலில் காட்டுகிறாள். நானும் விரலை வைத்துத்தான் வாசிக்கிறேன். ஆனால் நாலு பேருக்கு முன்னால் “இதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்று சொல்லிப்போட்டு நிற்கிறபோது, அன்றைக்கு மைக்கைப் பிடித்த கை மாதிரி இப்போது என் கை நடுங்குவதில்லை.