கற்பூரம் மணத்த லாவெண்டர்

அகதியாக வந்து குடியேறிய ரெனான் என்ற ஊரில், வாசனை எண்ணெய்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஆனாலும் வதனி விற்ற லாவெண்டர் எண்ணெயை நான் சோதிக்கவில்லை. அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அவள். போத்தலைத் திறந்ததும் கோயில் மணத்தது. அந்த மணத்துக்காகவே வாங்கி, என் மகளின் தலையணையில் தடவினேன். அவள் இருமத் தொடங்கினாள்.

இருமல் நிற்காததால் எண்ணெயில் ஒரு துளியைக் கருவியில் வைத்தேன். திரையில் கற்பூரத்தின் கோடு உயர்ந்து நின்றது. அது குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது. அசல் லாவெண்டரில் கற்பூரம் இல்லையென்றே சொல்லலாம். இது லாவண்டின் என்ற மலிவான கலப்பினம். பூவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"உனக்கு முதலே தெரியுமோ?" என்று வதனியிடம் கேட்டேன்.

"ஓம். அசலைக் குடுத்தால் எங்கட சனம் வாங்காது. கற்பூரம் மணந்தால்தான் நம்பும்."

"பிள்ளைக்கெண்டு தெரிஞ்சும் தந்தனியோ?"

"நீயும் மணந்து பாத்துத்தானே வாங்கினனி," என்றாள்.

ஆய்வுகூடத்தில் கற்பூரம் மணந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அவளுடைய போத்தலில் மட்டும் அது சாமி மணமாக இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போதும் கோயிலில் அவள் என் பக்கத்தில்தான் நிற்கிறாள். கற்பூரத் தட்டு வரும்போது எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.